பரணில் கிடக்கும் பட்டாளத்துச் சாமான்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேஜையில் பரப்பி வைத்திருக்கும் சாமான்களைப் பார்த்துவிட்டு, உள்ளே வரும்போதே இரண்டு பேர் என்னிடம், "சார், காயலான் கடை ஆரம்பிக்கப் போகிறீர்களா?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். நசுங்கிய டப்பா, எனாமல் உதிர்ந்த தண்ணீர் பாட்டில், துருப்பிடித்த 20 லிட்டர் கேன், ஒரு ஸ்பூன். மொத்தமும் எடைக்குப் போட்டால் என்ன தேறும் என்று உங்களுக்கே தெரியும்.

இவை பட்டாளத்தில் புழங்கிய சாமான்கள். பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை. நம் ஊர்ப் பேச்சில் 'மிலிட்டரி டிஸ்போசல்'. துப்பாக்கி, கத்தி எதுவும் என்னிடம் கிடையாது, அதில் ஆர்வமும் இல்லை. சிப்பாய் எதில் சாப்பிட்டான், எதில் தண்ணீர் குடித்தான், எதில் டீ போட்டான் என்பதோடு என் சேகரிப்பு நின்றுவிடுகிறது. வீட்டிலும் அதற்கு மேல் இடம் கொடுக்க மாட்டார்கள்.

முதலில் இந்த டப்பா. இதற்கு மெஸ் டின் என்று பெயர். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு செவ்வகத் தட்டுகள், மடக்கும் கைப்பிடி. அடுப்பில் வைத்தால் வாணலி, கையில் பிடித்தால் தட்டு, கவிழ்த்தால் மூடி. பிரிட்டிஷ் ராணுவத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருந்தது வேறு மாதிரி: ஆங்கில 'டி' எழுத்துபோல ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. உடம்போடு ஒட்டி மாட்டிக்கொள்ள அந்த வடிவம். ஜெர்மானியர்கள் 1931இல் கொண்டுவந்ததும் அதேபோல சிறுநீரக வடிவம்தான். இந்தச் செவ்வக மாதிரி 1930களின் இறுதியில் வந்தது.

இரண்டு செவ்வக டின் வைத்திருக்கிறேன். ஒன்றைத் தூக்கிப் பாருங்கள், லேசாக இருக்கும், அலுமினியம். மற்றது கனமாக இருக்கும். இரும்புத் தகட்டில் ஈயம் பூசியது. ஏன் மாறியது? விமானம் செய்ய அலுமினியம் வேண்டியிருந்தது. 1940 ஜூலையில் பிரிட்டனில் விமான உற்பத்தி அமைச்சர் பீவர்புரூக், வீட்டில் இருக்கும் அலுமினியப் பாத்திரங்களைக் கொடுங்கள் என்று இல்லத்தரசிகளிடமே கேட்டார். வீட்டுச் சட்டியையே கேட்கிற நாட்டில் சிப்பாய்க்கு மட்டும் அலுமினியத் தட்டு கிடைக்குமா? அமெரிக்காவிலும் இதே கதைதான். அவர்களுடைய அலுமினியத் தண்ணீர் பாட்டில் 1942இல் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியது. நடுவில் கொஞ்ச காலம் எனாமல் பூசிய பாட்டிலும் செய்து பார்த்தார்கள். ஆகவே வருடமும் உலோகமும் சேர்ந்து ஒரு கணக்குச் சொல்லும். அந்தக் கணக்கு இடித்தால், சாமான் போலி என்று சந்தேகப்படலாம்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்குப் பிடித்த விஷயம். பிரிட்டிஷ் சிப்பாய்கள் சமையல் அண்டாவையும், பிறகு இந்த மெஸ் டின்னையும்கூட, 'டிக்ஸி' என்று சொல்வார்கள். ஏதோ வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர் மாதிரி இருக்கிறது. கிடையாது. இந்தியில் 'தேக்சி', சின்னப் பாத்திரம். இங்கே பணிபுரிந்த சிப்பாய்கள் எடுத்துக்கொண்டு போன சொல். நம் வீடுகளில் சாம்பார் கொதிக்கிற தேக்சாவும் அதே குடும்பம்தான். லண்டன்காரன் டிக்ஸி என்றதும், நம் பாட்டி தேக்சா என்றதும் ஒரே பாத்திரம்.

ஆனால் இந்தியச் சிப்பாய்களை ஒரே பாத்திரத்தில் சாப்பிட வைப்பது அத்தனை சுலபமாக இருக்கவில்லை. முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக இங்கிலாந்தில் பிரைட்டன் நகர அரண்மனையை மருத்துவமனையாக மாற்றினார்கள். அங்கே மதம், சாதி பார்த்து 9 சமையலறைகள் நடத்தினார்கள். இந்துக்களுக்குத் தனிக் குழாய், முஸ்லிம்களுக்குத் தனிக் குழாய். அதே சமயம் மெசபடோமியாவில், 1916 ஏப்ரல் வரை குட் நகரில் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட படையில், உணவு தீர்ந்து குதிரை இறைச்சி கொடுத்தபோது இந்தியச் சிப்பாய்கள் பலர் வெகு நாள் தொடவில்லை. பட்டினியிலும் தொடவில்லை. மெஸ் டின் என்பது வெறும் தகரம் என்று அதனால்தான் நான் நினைப்பதில்லை.

இப்போது டின்னைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். காக்காய் காலடி மாதிரி மூன்று கோடு தெரிகிறதா? அகன்ற அம்பு. பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம். பல நூறு வருடப் பழக்கம். அம்புக்குக் கீழே ஆங்கில 'ஐ' எழுத்து இருந்தால் இந்திய அரசாங்கத்துச் சரக்கு. 'சி' எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. இரண்டு பக்கமும் 'டி' இருந்து நடுவில் அம்பு என்றால் ஆஸ்திரேலியா. பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் ஸ்டாம்ப் சேகரிப்பதுபோல உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது, இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டிருக்கும் முத்திரை. அரசாங்கம் இந்தப் பொருளைக் கணக்கிலிருந்து நீக்கி விற்றுவிட்டது என்று அர்த்தம். வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இதைப் பார்த்தால் சந்தோஷம் வரும். ரைட் ஆஃப் வவுச்சரைத் தனியாக ஃபைலில் வைக்காமல், பொருளின் மேலேயே அடித்து வைத்திருக்கிறான் பாருங்கள்! ஃபைல் தொலையும். இது தொலையாது.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசாங்கத்திலும் இப்படி வாங்கவும் விற்கவும் தனி இலாகா இருந்தது. 1951இல் 'சப்ளைஸ் அண்ட் டிஸ்போசல்ஸ்' தலைமை இயக்குநரகம் என்று ஆரம்பித்தார்கள். 2017 அக்டோபரில் மூடிவிட்டார்கள். இலாகா போய்விட்டது, 'டிஸ்போசல்' என்ற சொல் மட்டும் கடைப் பலகைகளில் நிற்கிறது.

அடுத்து தண்ணீர் பாட்டில். எனாமல் பூசிய இரும்பு, கார்க் மூடி, மேலே தடித்த ஃபெல்ட் துணி உறை. கிட்டத்தட்ட 2 பைண்ட், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும். உறை எதற்கு என்று கேட்டால் எல்லோரும், அடிபடாமல் இருக்க என்பார்கள். சத்தம் வராமல் இருக்கவும்தான். ஆனால் முக்கியமான வேலை வேறு. உறையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். ஈரம் காயக் காய உள்ளே தண்ணீர் குளிரும். மண்பானை என்ன செய்கிறதோ அதே. அமெரிக்கப் பாட்டிலின் கித்தான் உறைக்குள்ளும் ஃபெல்ட் வைத்துத் தைத்திருப்பது இதற்குத்தான். போன மே மாதம் கரண்ட் போன இரண்டு நாளும் நான் இதை நனைத்து பால்கனி நிழலில் தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "அங்கிள், ஐஸ் போட்டீங்களா?" என்றான்.

இந்தக் கேனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போகும்போது நம் செக்யூரிட்டி ஆட்கள் எடுத்துப்போவார்களே, அதன் மூதாதை.

போர் தொடங்கியபோது வடக்கு ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படை பெட்ரோலை 4 காலன் தகர டின்களில் கொண்டுபோனது. எண்ணெய்க் கடையில் பார்க்கும் சதுர டின்னை நினைத்துக்கொள்ளுங்கள். சிப்பாய்கள் வைத்த பெயர் 'ஃப்ளிம்ஸி', அதாவது சோதா. லாரி குலுங்கினால் மூட்டு விட்டுப்போகும், பெட்ரோல் ஒழுகும். கிளம்பிய இடத்திலிருந்து வண்டியில் ஊற்றுவதற்குள் 30 சதவீதம் வீணாகிறது என்று அங்கே தளபதியாக இருந்த ஆக்கின்லெக் கணக்கிட்டார். நம் 4ஆவது இந்திய டிவிஷனும் அந்தப் பாலைவனத்தில்தான் சண்டை போட்டது. 100 லிட்டருக்கு 30 லிட்டர் மணலுக்கு! நம் தண்ணீர் லாரிக்காரர் அப்படிக் கொண்டுவந்தால் இந்தக் கூட்டம் சும்மா விடுமா?

அந்தச் சோதா டின்னுக்கு ஒரே ஒரு நல்ல உபயோகம் கண்டுபிடித்தார்கள். டின்னைப் பாதியாக வெட்டி, மணல் நிரப்பி, பெட்ரோல் ஊற்றிக் கிளறி, பற்றவைத்தால் அடுப்பு. மேலே இன்னொரு டின்னில் தண்ணீர், டீத்தூள். 'பெங்காசி அடுப்பு' என்று பெயர். பாலைவனத்தில் பிரிட்டிஷ் சிப்பாய் டீ குடித்ததெல்லாம் இப்படித்தான்.

எதிர்ப்பக்கம் ஜெர்மானியர்களிடம் இருந்தது இந்தக் கேன். 1930களின் பிற்பகுதியில் வடிவமைத்தது. இரண்டு பாதிகளை அழுத்திச் செய்து ஒட்டவைத்திருப்பதால் மூட்டுகள் குறைவு. திருகு மூடி இல்லை, நெம்பி மூடும் மூடி. ஸ்பேனர் வேண்டாம், புனல் வேண்டாம். மேலே பாருங்கள், கைப்பிடி ஒன்றல்ல, மூன்று. நிறைந்த கேனை நடுக்கைப்பிடியில் ஒருவர் தூக்கலாம், அல்லது ஓரக் கைப்பிடிகளில் இரண்டு பேர் பிடிக்கலாம். காலிக் கேன் என்றால் ஒரே கையில் இரண்டு. கைப்பிடிக்குக் கீழே கொஞ்சம் காற்று தங்க இடம் விட்டிருப்பதால், பெட்ரோல் நிரப்பிய கேன் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். பிரிட்டிஷ்காரர்கள் இவற்றைப் பிடுங்கிப் பயன்படுத்தினார்கள், பிறகு அப்படியே காப்பியடித்தார்கள். ஜெர்மன்காரனுக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் 'ஜெர்ரி'. கேனுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

இந்தக் கதையில் கல்கத்தாவும் வருகிறது. 1939இல் பெர்லினில் இருந்த பால் ப்ளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஒரு ஜெர்மன் நண்பரோடு தரைவழியாக இந்தியாவுக்குக் காரில் கிளம்பினார். தண்ணீர் வைத்துக்கொள்ள அந்த நண்பர் கொண்டுவந்தது ராணுவக் கிடங்கிலிருந்து எடுத்த மூன்று கேன்கள். நண்பரை நடுவழியில் ஜெர்மனிக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள். போவதற்குமுன் கேன் தயாரிக்கும் விவரங்களை அவர் ப்ளைஸிடம் சொல்லிவிட்டுப் போனார். ப்ளைஸ் தனியாகக் கல்கத்தா வந்து, காரை அங்கே விட்டுவிட்டு அமெரிக்கா திரும்பினார். தம் நாட்டு ராணுவ அதிகாரிகளிடம் சொன்னார். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்கத்தாவில் கிடந்த காரைக் கேன்களோடு அமெரிக்காவுக்கு வரவழைத்துக் காட்ட வேண்டியிருந்தது. நல்ல யோசனை ஒரு ஆபீஸில் மேஜை மாறி மேஜை போவது எப்படி என்று நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, வாங்க நினைப்பவர்களுக்கு.

கல்லூரி நாட்களில் எனக்கு இந்தப் பழக்கம் ஒட்டியது மூர் மார்க்கெட்டில். 1900இல் திறந்த கட்டடம், 1985 தீ விபத்தோடு போனது. அங்கே பழைய புத்தகத்துக்குப் பக்கத்திலேயே கித்தான் பையும் தண்ணீர் பாட்டிலும் கிடக்கும். இன்று 'மிலிட்டரி' என்று போர்டு போட்ட கடைகளில் இருப்பது பெரும்பாலும் புதுச் சரக்கு. அதில் தப்பில்லை, மழைக்கோட்டும் பூட்ஸும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் '1942' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திய புதுப் பையைப் பழையது என்று விற்பவர்களும் உண்டு. சினிமாவுக்கும் வெளிநாட்டு ஆர்வலர்களுக்கும் நகல் செய்யும் தொழில் நம் நாட்டிலேயே நடக்கிறது.

கித்தான் சாமானுக்கு நான் பயன்படுத்தும் சோதனை, கேஷ் கவுண்டரில் இருந்த அதே புற ஊதா விளக்கு. நல்ல நோட்டின் காகிதம் அந்த வெளிச்சத்தில் பளிச்சிடாது. சாதாரணக் காகிதம் பளிச்சிடும். துணியிலும் அப்படியே. இந்தக் காலத்து நூலில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் நீலமாக ஒளிரும். பழைய நூல் ஒளிராது. ஆனால் பழைய பையை யாராவது சலவைத் தூள் போட்டுத் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். ஆகவே ஒளிர்ந்தால் உடனே போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கைப்பிடி உரசும் இடம், கொக்கி மாட்டும் இடம் தேய்ந்திருக்க வேண்டும். எல்லா இடமும் சமமாகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை.

வாங்கக் கூடாதவை: தோட்டா, அதன் எந்த பாகமும். காலி என்று சொன்னாலும் வேண்டாம். சீருடை, பதவிச் சின்னங்களிலும் ஜாக்கிரதை. சிப்பாய் என்று மற்றவரை நம்பவைக்கும் நோக்கத்தோடு அணிவது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 140ஆவது பிரிவு, இப்போதைய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. இன்னொன்று, 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் தாண்டிய வரலாற்றுப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. முதல் உலகப் போர்ச் சாமான்கள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. அமெரிக்காவில் இருக்கும் பையன் கேட்கிறான் என்று பார்சல் போடுவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சமையலைப் பற்றி அம்மாக்கள் கேட்டீர்கள். பழைய டின்னில் சமைக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஈயம் பூசியது என்று சொன்னேன். பாட்டி காலத்துப் பித்தளைக்குப் பூசியது வெள்ளீயம், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் அதுவே. ஆனால் பழைய சாமானின் பற்றவைப்பில் காரீயம் கலந்திருக்கலாம், அது விஷம். துத்தநாகம் பூசிய பாத்திரமும் புளிக்கு ஆகாது, புளி அதைக் கரைத்துவிடும். எனாமல் உதிர்ந்த பாட்டிலில் குடிக்கவும் வேண்டாம். குளிர்கிறதா என்று பார்த்ததோடு நான் நிறுத்திக்கொண்டேன். வெள்ளைக் கட்டியாக எரிபொருள் மாத்திரை கிடைக்கும், 1936இல் ஜெர்மனியில் 'எஸ்பிட்' என்ற பெயரில் வந்த வகை. அதன் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். பால்கனியில் கொளுத்தாதீர்கள். சங்க விதியிலும் இடமில்லை.

கடைசியாக இந்த ஸ்பூன். கைப்பிடியின் பின்பக்கம் ஒரு எண் குத்தியிருக்கிறது, தெரிகிறதா? தயாரித்தவரின் எண் அல்ல. ஒரு சிப்பாயின் படை எண். எல்லோர் ஸ்பூனும் ஒரே மாதிரி இருப்பதால், கலந்துவிடாமல் இருக்கத் தன் எண்ணை அவரே ஆணியாலோ அச்சாலோ பதித்துக்கொள்வார்.

இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். மதராஸ் ராஜதானியிலிருந்து ஏராளமானோர் போனார்கள். இறந்தவர்களின் பெயர், எண் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தேடலாம். உயிரோடு திரும்பியவர்களுக்கு அப்படிப் பொதுவில் ஒரு பட்டியல் இல்லை. அவர்கள் எண் இருப்பது வீட்டுப் பரணில், ட்ரங்குப் பெட்டியில். போகிக்கும் இன்டீரியர் வேலைக்கும் நாம் முதலில் காலி செய்வதும் அந்தப் பரணைத்தான்.

நம் வளாகத்திலேயே ஒரு அம்மா, யார் என்று சொல்லப்போவதில்லை, கோலமாவு வைத்திருந்த டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். கிச்சன் மாற்றுகிறோம், உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டார். தேய்த்துக் கழுவிப் பார்த்தால் அடியில் அம்பு, 'ஐ', 1943. பக்கவாட்டில் ஆணியால் கீறிய ஒரு எண், அதோடு ஒரு தமிழ் எழுத்து. மாமனார் பட்டாளத்தில் இருந்தாராம். பர்மாவா எகிப்தா என்று யாருக்கும் தெரியவில்லை. ஊரில் மாமனாரின் தங்கை இருந்தார், 90 தாண்டியவர். போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். லாரி டிரைவராகப் பர்மா எல்லைவரை போனவர் என்று அந்தப் பாட்டி சொன்னார். வந்த பிறகு அந்த டப்பாவில் அவர் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை, கொல்லையில் ஆட்டுக்குட்டிக்குத் தண்ணீர் வைப்பார், வேறு யாரும் எடுத்தால் கோபம் வரும் என்றும் சொன்னார். அந்தப் பாட்டி இந்தத் தையில் காலமாகிவிட்டார்.

டப்பாவை நான் வாங்கவில்லை. சிப்பாய் குடும்பத்திலிருந்து நான் எதையும் வாங்குவதில்லை, விலையும் சொல்வதில்லை. ஒரு அட்டையில் விவரம் எழுதி உள்ளே போட்டுக் கொடுத்தனுப்பினேன். இப்போது அவர்கள் ஹாலில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால், பீதாம்பரியோ புளியோ போட்டுத் தேய்க்காதீர்கள். கீறல் எழுத்து முதலில் போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, சாய்வாக டார்ச் அடித்து போட்டோ எடுங்கள். நேராக அடித்தால் எழுத்து தெரியாது. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம் கிடைத்தால் எண்ணை ஒப்பிடுங்கள். பென்ஷன் விஷயமாக மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எப்படியும் போகிறவர்கள், இதையும் கையோடு கேட்டுப் பார்க்கலாம். பிறகு ஒரு அட்டையில் பென்சிலால், பேனா வேண்டாம், மை கசியும்: யாருடையது, என்ன உறவு, எண், எந்தப் படை, எந்த ஊருக்குப் போனார், இதையெல்லாம் சொன்னவர் யார், என்றைக்குச் சொன்னார். சொன்னவர் பெயரையும் தேதியையும் விட்டுவிடாதீர்கள். வவுச்சரில் கையெழுத்து மாதிரி அது.

வெற்று அட்டை ஒரு கட்டு கொண்டுவந்திருக்கிறேன், மேஜை ஓரத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். சாமான்களைத் தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம். கேன் காலிதான், ஆனால் மூடி வேகமாக விழும். குழந்தைகள் விரலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.